இரண்டு கட்டத்தில் அடங்காத நாட்கள்

மில்லில் மருதாசலத்துக்கு கோபால் சார் என்றுதான் பெயர். கம்ப்யூட்டருக்கு அவர் புரோகிராம் எழுதிய மொழியின் பெயர் கோபோல். தொழிலாளர் வாயில் அது கோபால் ஆகிவிட்டது. கோயமுத்தூரில் இருக்கிற அந்தப் பெரிய மெஷினின் பெயரே கோபால் என்று வைண்டிங் பகுதியில் நூல் சுற்றும் பெண்கள் நினைத்தார்கள். "இந்த மாசம் கோபாலு என்னங்க சொல்றாப்ல?" என்று டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து கேட்பார்கள். அவர் திருத்தியதில்லை. அந்தப் பெயர் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தவர். சேலத்தில் கணிதம் படித்து, 1971-இல் ஓமலூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் கிளார்க்காகச் சேர்ந்தார். டைம் ஆபீஸ் வேலை. யார் எந்த ஷிஃப்டுக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று மஸ்டரில் பதிய வேண்டும். மூன்று வருடம் அதைச் செய்தார். 1974 கடைசியில் மில் நிர்வாகம் அவரைக் கோயமுத்தூருக்கு அனுப்பியது. அங்கே ஒரு கம்பெனி கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதம் தங்கி கோபோல் படித்துவிட்டு வந்தார். அந்த வட்டாரத்தில் அப்போது அந்த மொழி தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவர் எழுதிய முதல் புரோகிராம் பதிலித் தொழிலாளர்களுக்கானது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர்தான் பதிலி. ஷிஃப்ட் தொடங்கும்போது கேட்டில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி யாரைப் பார்த்து விரலை நீட்டுகிறாரோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். 1975-இல் யூனியனும் நிர்வாகமும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். தொடர்ந்து மூன்று அரையாண்டுகளில் மொத்தம் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த பதிலியை நிரந்தரமாக்க வேண்டும். நாளைக் கூட்டிப் பட்டியல் போடுகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். மனிதன் கூட்டினால் வேண்டியவன் வேண்டாதவன் என்று பேச்சு வரும், மெஷினுக்கு அந்த வம்பு கிடையாது என்று இரண்டு தரப்புமே ஒப்புக்கொண்டது.

மெஷினுக்கு விவரத்தை அட்டையில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் எண்பது கட்டம். டோக்கன் நம்பர், பெயர், பகுதி, மாதாமாதம் வந்த நாள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அரையாண்டு மொத்தத்துக்கு மருதாசலம் இரண்டு கட்டம் ஒதுக்கினார். 1974 வரையிலான பழைய மஸ்டர்களைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒதுக்கினார். ஆறு மாதத்தில் தொண்ணூறு நாளைத் தாண்டிய பதிலி ஒருவர்கூட இல்லை.

பயிற்சி கொடுத்தவர் ஒன்று சொல்லியிருந்தார். கூட்டல் வருகிற இடத்தில் எல்லாம், எண் அதன் இடத்துக்கு மீறினால் நின்று சொல்லும்படி மூன்று சொல் சேர்த்துவிடுங்கள் என்று. மருதாசலத்துக்கு அது நினைவிருந்தது. ஆனால் மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. அவரோடு படித்தவர்களிலேயே அவருடைய புரோகிராம்தான் சின்னது என்ற பெருமை வேறு. தொண்ணூற்று ஒன்பதை யார் தாண்டப்போகிறார்கள் என்று அந்த மூன்று சொல்லை விட்டுவிட்டார்.

முதல் பட்டியல் 1976 ஜூலையில் வந்தது. அட்டைப் பெட்டியோடு பஸ்ஸில் போய், அச்சடித்த தாளோடு திரும்பி வந்து, அவர் கையாலேயே நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். மறுநாள் ஜன்னலுக்குப் பொன்னாயி வந்தாள். வைண்டிங்கில் பதிலி. ஓமலூருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ராசாத்தி என்ற சிநேகிதியோடு தினமும் நடந்து வருகிறவள். முதல் ஷிஃப்டுக்குக் கூப்பிடவில்லை என்றால் ஊட்டுக்குப் போகாமல் கேட்டுக்கு எதிரே புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்து இரண்டாம் ஷிஃப்டுக்கும் நிற்பாள்.

"சாருங்க, எம்பேரு ஏனுங்க வரல?"

"நாள் பத்தியிருக்காதும்மா."

"எனக்குங்களா பத்தல? ராசாத்தி பேரு வந்திருக்குதுங்க. அவ லீவு போட்ட நாள்லயும் நான் வந்திருக்கறனுங்க."

"மெஷின் கூட்டினது. அதுக்கு ராசாத்தி ஒறவும் இல்ல, நீ பகையும் இல்ல."

பொன்னாயி போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊட்டுச் சுவத்துல கரிக்கோடு போட்டு வெச்சிருக்கறனுங்க. வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு. ஒண்ணரை வருசத்துக்கு முந்நூத்திப் பதிமூணு. எதுத்தூட்டு வாத்தியாரு எண்ணிச் சொன்னாருங்க."

மருதாசலம் சிரித்தார். "அப்ப உன் சுவத்தப் பேத்துக் குடு. கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போயி மெஷின்கிட்டக் காட்டறேன்."

ஆபீஸே சிரித்தது. பொன்னாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். மஸ்டர் நோட்டுகள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தன. எடுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் எடுக்கவில்லை.

அடுத்து வந்த இரண்டு பட்டியல்களிலும் பொன்னாயி பெயர் இல்லை. பிறகு அவள் மில்லுக்கு வருவதே நின்றுபோனது. 1978-இல் ஒப்பந்தம் மாறியது. அந்தப் புரோகிராமுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்குள் மருதாசலத்துக்கு வசந்தாமணியோடு கல்யாணம் ஆகி, பெரிய அசிஸ்டெண்ட் பதவியும் வந்துவிட்டது. பதிலிப் பட்டியலைத் தகராறு இல்லாமல் நடத்திக் காட்டியதற்காக வந்த பதவி அது.

1987-இல் கோயமுத்தூர்க் கம்பெனி பழைய மெஷினை நிறுத்தப்போவதாகக் கடிதம் போட்டது. மில் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. மேஜை மேல் அடங்குகிற சின்ன மெஷின். அதோடு டிபேஸ் என்ற புது மொழியும் வந்தது. கொண்டுவந்தவர்கள் நான்கு நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் போனார்கள். பன்னிரண்டு வருடமாக கோபோலில் இருந்ததை எல்லாம் அடுத்த ஏப்ரலுக்குள் மருதாசலம் புது மொழிக்கு மாற்றியாக வேண்டும்.

அவருக்கு அந்த மொழி பிடிக்கவில்லை. கோபோலில் ஒரு வேலை சொல்வதற்கு முன் நாலு பிரிவு எழுத வேண்டும். யார் எழுதியது, எந்த மெஷினுக்கு, என்னென்ன விவரம், அதன் பிறகுதான் செய்ய வேண்டிய வேலை. கல்யாணப் பத்திரிகை மாதிரி முறையாக இருக்கும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் ஒரு வாரம் வீண். அதனால் ஒவ்வொரு வரியையும் பத்துத் தரம் படித்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். இங்கேயோ திரையில் ஒரு புள்ளி நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்த நொடியே பதில். தப்பாகத் தட்டினால் தப்பு என்று சொல்லிவிட்டு மறுபடியும் புள்ளி. இப்படிக் கேட்டதும் பதில் சொல்கிற மெஷின்மேல் அவருக்கு மரியாதை வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் அகரத்திலிருந்து தொடங்குவதும் கூச்சமாக இருந்தது. ஈரோட்டிலிருந்து ஒரு புதுப் பட்டதாரியை எடுக்கப்போகிறார்கள் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

பழகுவதற்கு ஏதாவது சின்னதாக எடுத்துக்கொள்ளலாம் என்று பதிலிப் புரோகிராமை எடுத்தார். முதல் முதலாக எழுதியது, வரிக்கு வரி மனப்பாடம். யாருக்கும் வேண்டாத கணக்கு, தப்பாகப் போனாலும் கேட்க ஆள் இல்லை. பழைய மாத வருகைத் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. 1975 முதல் அரையாண்டு, வைண்டிங் பகுதி, நாற்பத்திரண்டு பெயர். பகல் சாப்பாட்டு இடைவேளைகளில் நாலு நாள் உட்கார்ந்து தட்டி முடித்தார். பழையபடியே மொத்தத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கினார். கூட்டச் சொல்லிவிட்டுப் பட்டியலைப் போடச் சொன்னார்.

நாற்பத்தோரு பெயருக்கு நேரே எண் வந்தது. ஒரு பெயருக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரம் நின்றது.

"ஒரு கூட்டல் ஒழுங்காப் போடத் தெரியல, இதுக்கு இத்தன பெரிய புஸ்தகம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் போட்டார். அதே இரண்டு நட்சத்திரம். புத்தகத்தைப் புரட்டினார். அரை மணி நேரம் தேடினபிறகு ஒரு மூலையில் கிடைத்தது. எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரம் வரும் என்று இருந்தது.

மொத்தத்துக்கு மூன்று இடம் கொடுத்துவிட்டு மறுபடி போட்டார். நூற்று நாலு. பெயர் பொன்னாயி.

 அவருடைய பழைய புரோகிராமும் இதே நூற்று நாலைத்தான் கூட்டியிருக்கும். இரண்டு கட்டத்தில் நூற்று நாலு நிற்காது. முன்னால் இருக்கிற ஒன்று கீழே விழுந்துவிடும். மிச்சம் சைபரும் நாலும். அந்த மூன்று சொல் இருந்திருந்தால் மெஷின் நின்று சொல்லியிருக்கும். அது இல்லாததால் ஒன்றும் சொல்லாமல் நாலு என்று எழுதிக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டது.

மற்ற இரண்டு அரையாண்டுத் தாள்களையும் எடுத்தார். நூற்றுப் பதினொன்று, தொண்ணூற்றெட்டு. மூன்றையும் கூட்டினால் முந்நூற்றுப் பதிமூன்று. சுவரில் இருந்த கரிக்கோட்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. அவருடைய மெஷின் கூட்டியது நாலு, பதினொன்று, தொண்ணூற்றெட்டு. மொத்தம் நூற்றுப் பதிமூன்று. இருநூற்று நாற்பதுக்குக் குறைந்தவர்களைப் பட்டியலில் அச்சடிக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்ததும் அவர்தான். அதனால் அந்த நூற்றுப் பதிமூன்றை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் எல்லாப் பகுதிகளின் தாள்களையும் எடுத்துப் பார்த்தார். ஏழு பேர். ஏழு பேருமே யாரையும்விட அதிக நாள் வந்தவர்கள். விடுப்பு எடுத்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகியிருந்தார்கள். ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களைத்தான் அவருடைய இரண்டு கட்டம் வெளியே தள்ளியிருந்தது.

அந்த ஏழு பெயரையும் ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மாதம் அப்படியே போனது. அந்த நாலு மாதத்தில்தான் அவர் டிபேஸை உண்மையில் கற்றுக்கொண்டார். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது ஒரு வழியாக இருந்தது. ஒவ்வொரு புரோகிராமையும் மாற்றும்போது இதற்குள் எத்தனை பேர் விழுந்து கிடக்கிறார்களோ என்று பயந்து பயந்து பிரித்தார். எண் வருகிற இடத்தில் எல்லாம் தேவைக்கு மேலேயே இடம் விட்டார். இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். வைண்டிங் பகுதி வழியாகக் கேன்டீனுக்குப் போகிறவர் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். வேணுமென்று செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சுவத்தப் பேத்துக் குடு என்று சொன்னது மட்டும் வேணுமென்று சொன்னதுதான். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தாமணி இலையைக் காட்டிக் கேட்டாள். "ஏனுங்க, கொழம்பு ஊத்தி எத்தன நேரமாச்சு? சோத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கறீங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, கட்டம் எல்லாம் அவளுக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தப் பொம்பள இப்ப எங்கீங்க இருக்கறா?"

"தெரியல."

"தெரியலீங்களா, தேடலீங்களா?"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மறுநாள் சுற்றிப் போகாமல் வைண்டிங் பகுதிக்குள்ளேயே போனார். குப்பாயி என்ற பழைய தொழிலாளி இருந்தாள். அவளிடம் விசாரித்தார். "பொன்னாயிங்களா? ஊரே வேண்டாம்னு அம்மா ஊருக்குப் போயிட்டாளுங்க. ராசிபுரத்துப் பக்கம். சேகோ மில்லுல கெழங்கு சீவறான்னு கேள்வி" என்றாள். அந்த வார விடுமுறை நாளிலேயே மருதாசலம் பஸ் ஏறினார்.

அந்த ஜவ்வரிசி மில்லின் களம் முழுக்க மாவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குக் கீழே மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தோலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். புளித்த வாடை மூக்கில் ஏறியது. பொன்னாயியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் நிமிர்ந்து பார்த்து, "கோபால் சாருங்களா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. குத்துக்காலிட்டு அவள் எதிரே உட்கார்ந்து, "உங்க நாள் முந்நூத்திப் பதிமூணுதானுங்க" என்றார். அவளை அவர் நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது பிறகுதான் உறைத்தது.

"என்னங்க சொல்றீங்க?"

சொன்னார். தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது என்றும் சொன்னார். பொன்னாயி கத்தியை நிறுத்தவில்லை. இரண்டு கிழங்கு சீவி முடித்தாள்.

"அப்ப நான் போட்ட கோடு சரிதானுங்களா?"

"சரிதான். ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அப்ப ராசாத்தி ஒண்ணும் பண்ணலீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. ராசாத்தி இதில் எங்கே வந்தாள் என்று கேட்டார். பொன்னாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

பட்டியல் வந்த வாரத்தில்தான் ராசாத்தி மாரியம்மன் பண்டிகைக்கு மேஸ்திரி ஊட்டுக்கு ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். யாரோ பார்த்துச் சொன்னார்கள். மெஷின் தப்புப் பண்ணாது என்று கோபால் சாரே சொல்லிவிட்டார். சுவரிலோ கோடு இருக்கிறது. அப்படியானால் நாள் எங்கே போனது? தன் நாளை எல்லாம் மேஸ்திரியைப் பிடித்து ராசாத்தி தன் பேரில் எழுதிக்கொண்டாள் என்று பொன்னாயி முடிவு கட்டினாள். தண்ணிக் குழாயடியில் தெருவே பார்க்க அதைக் கேட்டும்விட்டாள். ராசாத்தி கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். பொன்னாயி அந்தப் பக்கமே போகவில்லை.

"எட்டு வருசம் அவ மூஞ்சில முழிக்கலீங்க. மஞ்சக்காமாலைல கெடக்கறா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போன்னு ஆள் உட்டாங்க. போகல. செத்ததுக்கும் போகல. அவ போயி மூணு வருசமாச்சுங்க."

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனதற்குத்தான் அவர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். இது அவர் கணக்கிலேயே இல்லாதது. 

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது?" என்றாள் பொன்னாயி. குரலில் கோபம் இல்லை. "அவ புருசன் செங்கோடன் இருக்கறாருங்க. அவங்க ஊட்டுல வந்து சொல்லுங்க. நான் போயிச் சொன்னா, இத்தன நாள் கழிச்சு வேசம் போடறான்னுவாங்க. நீங்க சொல்லுங்க. நானும் வாரேன்."

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஓமலூரில் பஸ் இறங்கி நடந்து போனார்கள். செங்கோடன் கல் உடைக்கிற வேலை செய்பவர். பொன்னாயியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மருதாசலம் மட்டும் போய்த் தான் யார் என்று சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னார். செங்கோடனுக்குப் பிடிபடவில்லை. மருதாசலம் மூத்த மகளிடம் ஒரு நோட்டை வாங்கி, அதில் இரண்டு கட்டம் போட்டார். கூட்டல் போடுகிற மாதிரி வலது கடைசியிலிருந்து, கட்டத்துக்கு ஓர் எண் வீதம் நூற்று நாலு எழுதச் சொன்னார். அந்தப் பெண் நாலை எழுதி, சைபரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு வெளிய நிக்குதுங்க."

"அந்த ஒண்ணு நூறு நாளு, சாமி. அத நான் வெளிய தள்ளிட்டேன். உங்கம்மா யாரு நாளையும் எடுக்கல."

செங்கோடன் அந்த இரண்டு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "இதச் சொல்லப் பதினோரு வருசமாச்சுங்களா?"

"கண்டுபுடிச்சு நாலஞ்சு மாசம்தான் ஆச்சு. கண்டுபுடிச்ச பொறவும் நாலு மாசம் யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன்."

யாரும் கேட்காத அந்த இரண்டாவது வரியை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாளுங்க" என்றார் செங்கோடன். "பொன்னா வந்துச்சா, பொன்னா வந்துச்சான்னு. ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி ஒண்ணா இருந்தவங்க." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்.  "வெளியவே நிக்காத. உள்ள வா."

பொன்னாயி உள்ளே போனாள். சுவரில் மாட்டியிருந்த ராசாத்தியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மருதாசலத்தை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்து, ஒரு கடிதத்தோடு லேபர் ஆபீசர் சரவணமுத்துவின் மேஜையில் வைத்தார். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பதினோரு வருஷம். யாரும் கேக்கல. யூனியனுக்குக்கூடத் தெரியாது. நீங்களா எதுக்குங்க கெணத்துல குதிக்கறீங்க?"

"கேக்க வந்தவங்களை நான்தானுங்க சிரிச்சுத் திருப்பி அனுப்பினேன்."

"சரி, கோயமுத்தூர் மெஷின்ல கோளாறுன்னு எழுதிடலாம். அந்த மெஷினையே உடைக்கப்போறாங்க. உங்க பேரு வேண்டாம்."

ஒரு நொடி அது இனிமையாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும். "மெஷின் நான் சொன்னதச் செஞ்சுதுங்க" என்றார் மருதாசலம். "எம்பேரு இருக்கட்டும்."

விஷயம் யூனியனுக்குப் போய், மூன்று மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. ஏழு பேரில் ஒருவர் இறந்திருந்தார். ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. ஒருவர் திருப்பூரிலிருந்து வர மறுத்துவிட்டார். மற்ற நாலு பேரையும் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். மருதாசலத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஈரோட்டிலிருந்து அந்தப் புதுப் பட்டதாரியும் வந்து, அவருக்கு மேலே உட்கார்ந்தார். மருதாசலம் தான் புது மொழியில் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக அவரிடம் காட்டி, இதில் எங்கே தப்பு இருக்கிறது பாருங்கள் என்று கேட்டார். ஆபீஸில் அதைப் பணிவு என்றார்கள், சிலர் பயம் என்றார்கள். இந்தத் தண்டனை குறைச்சல் என்றே அவருக்குத் தோன்றியது.

பொன்னாயி 1988 தை மாதம் வேலைக்கு வந்தாள். முதல் நாள் காலை அவளை வைண்டிங் மெஷினில் நிறுத்தினார்கள். அறுந்த நூலைப் பிடித்து ஒரு நொடியில் முடிச்சுப் போட வேண்டும். பத்து வருடம் கத்தி பிடித்துக் கிழங்கு சீவிய விரல்களில் நூல் நிற்கவில்லை. தோல் தடித்து, வெடித்துப்போயிருந்தது. மத்தியானத்துக்குள் அவளைக் கழிவுப் பஞ்சு பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.  மருதாசலம் எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்குமேல் அவரும் எதிர்பார்க்கவில்லை. பஞ்சுத் தூசிக்கு நடுவே அவள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற நாள்களில், ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற அந்த விரல்கள்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

1989 வைகாசியில் செங்கோடன் டைம் ஆபீஸுக்கு வந்து ஒரு பத்திரிகையை நீட்டினார். மூத்த மகளுக்குக் கல்யாணம். "வந்துருங்க" என்று ஒரே சொல்தான் சொன்னார். மருதாசலம் போகலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தார். வசந்தாமணி, கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது எந்த ஊர் நியாயம் என்றாள். இரண்டு பேரும் போனார்கள்.

ஓமலூரில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். பெண்ணுக்கு அம்மா செய்ய வேண்டிய காரியங்களைச் செய்துகொண்டு பொன்னாயி நின்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குத் திரும்பியபோது, மருதாசலம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள்.

"சாப்புட்டுட்டுப் போங்க, சாருங்க. அம்முணி, நீங்களும் வாங்க."

"சாப்பிடறோம்" என்றார் அவர். அவளிடம் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "நீங்க இருந்து எல்லாம் நல்லபடியா செஞ்சீங்க."

பொன்னாயி மணமேடையைத் திரும்பிப் பார்த்தாள். "அவ இருந்து செய்ய வேண்டியதுங்க" என்றாள். பிறகு, யாரோ கூப்பிட, மஞ்சள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருதாசலம் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் சாப்பிட்டார்.  திரும்பி வரும் பஸ்ஸில் சேலம் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார்.